ஒன்பதாவது கட்டத்தில் ஒரு டிக்

அந்தப் படிவத்தில் பெயர் இல்லை. வயது இல்லை. வீட்டு எண் இல்லை. ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது.

இல்லை.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். 'இல்லை' என்ற கட்டத்துக்குள் ஒரு டிக். அதன் வால் கொஞ்சம் நீண்டு கட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

விரலை எச்சிலில் தொட்டு டிக்கின் மேல் தேய்த்தாள். கரையவில்லை. பேனா மை என்றால் இந்நேரம் நீலமாக இழுத்திருக்கும். இது மை இல்லை, அச்சு.

அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததை. இழுப்பறையில் மீதமிருந்த பத்தொன்பது வெற்றுப் படிவங்களையும் சீட்டுக்கட்டு போல மேசையில் பரப்பினாள். பத்தொன்பதிலும் அதே இடம், அதே சாய்வு, அதே வால்.

அந்த வால் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பதினாறு வருடமாக ஊசிப் பதிவேட்டில் அவள் அடித்துக்கொண்டிருக்கிற டிக் அது.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

மணி இரண்டு நாற்பது. செவ்வாய் டாக்டரின் ஜீப் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவருக்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவர் ஒருவர்தான். பதினான்கு சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒருவர். இந்த ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரு செவ்வாய், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. இன்று நாற்பத்து மூன்று பேரைப் பார்த்தார். ஆளுக்கு ஐந்தரை நிமிடம். அந்த ஐந்தரை நிமிடத்தில் அவர் முதலில் பார்ப்பது ஆளை இல்லை, இந்தப் படிவத்தை.

வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பும் படிவம் அது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்று எட்டுக் கேள்விகள். ஒன்பதாவது கேள்வி இது: செத்துப் போனால் தேவலை என்றோ, உயிரை விட்டுவிடலாம் என்றோ நினைப்பு வந்ததா? நான்கு கட்டங்கள்: இல்லை, சில நாள், பல நாள், தினமும்.

மூன்று மாதத்துக்கு முன் அச்சடித்த படிவங்கள் தீர்ந்துபோயின. மேலிடத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். 'அச்சில் உள்ளது' என்று ஒரு வரி பதில் வந்தது. கடைசியில், பயிற்சியில் மாதிரிக்காக அவளே நிரப்பிய பழைய படிவம் ஒன்றை எடுத்து, பெயரையும் வயதையும் பதில்களையும் வெள்ளை மையால் ஒவ்வொன்றாக அழித்தாள். எட்டாவது டிக்கை அழிக்கும்போது பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது தாள் காய்ந்திருந்தது. உறையில் போட்டு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டாள். மூன்று தவணையாக நூற்றைம்பது பிரதிகள்.

அதில் நூற்று முப்பத்தொன்று நிரம்பி வந்துவிட்டன. நூற்று முப்பத்தொரு பேரும் 'இல்லை'.

அவளை நாற்காலியிலிருந்து எழவைத்தது அந்தக் கணக்கு அல்ல, பச்சைப் பை.

மாத்திரை விஷயத்தில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒன்பதாவது கேள்விக்கு வேறு எந்தப் பதில் வந்தாலும் வெள்ளை உறை. அதில் ஒரு வார மாத்திரைதான் இருக்கும், அதையும் வீட்டு மனிதர் ஒருவர் கையில் கொடுப்பார்கள். 'இல்லை' என்றால் பச்சைப் பை. மூன்று மாத மாத்திரையை மொத்தமாக நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவார்கள். தூரத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களை வாராவாரம் அலைக்கழிக்க வேண்டாமே என்று சிஸ்டரே யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்றைய சீட்டுகளைப் புரட்டினாள். பச்சைப் பை ஏழு. ஆறு பேர் வருடக்கணக்காக வருகிறவர்கள். ஏழாவது ஆள் புதிது. எட்டுக் கேள்விகளில் எட்டுக்கும் 'தினமும்'. ஒன்பதாவதுக்கு அச்சில் 'இல்லை'.

தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்தது: ஜெராக்ஸ் கடை.

*

"மாத்திரை சார்!"

மருந்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினார். "சாப்பிடக்கூட விட மாட்டீங்களா சிஸ்டர்? ஒரு வாய்தான் வெச்சேன்."

"ஜெராக்ஸ்காரர் எப்ப பை வாங்கினாரு?"

"பதினொண்ணே முக்கால் இருக்கும். ஏன்? சிரிச்சுக்கிட்டேதான் வாங்கினாரு. 'இவ்வளவும் எனக்கா சார், கடை வைக்கலாம் போலிருக்கே'ன்னாரு. நல்லாத்தான் இருந்தாரு."

"பச்சைப் பைதானே?"

"உங்க சீட்டுல பச்சைன்னு இருந்துச்சு, பச்சை கொடுத்தேன். கேசரி கலர்னு இருந்தா அதையும் தேடிக் கொடுத்திருப்பேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடினார். "என்னாச்சு?"

பதில் சொல்லாமல் வாசலுக்கு ஓடினாள். சைக்கிள் அக்கா அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். வீடு வீடாகப் போகிற களப்பணியாளர். வயதில் மூத்தவள். அவள் மணியடித்துக்கொண்டு வந்தால் தடுப்பூசிக்குப் பயந்து நாலு தெருக் குழந்தைகள் ஒளியும்.

"அக்கா, ஜெராக்ஸ்காரர் கடையில ஃபாரம் நிரப்பினீங்களே, அவர்கிட்ட ஒன்பதாவது கேள்வி கேட்டீங்களா?"

"எது?"

"கடைசிக் கேள்வி."

சைக்கிள் அக்கா பூட்டையே பார்த்தாள். "அதுல ஏற்கெனவே டிக் போட்டிருந்துச்சே சிஸ்டர்."

"தெரியும். கேட்டீங்களா, இல்லையா?"

"எல்லா ஃபாரத்துலயும் அடிச்சே வருது. சரி, மேலிடத்துலயே அந்தக் கேள்வி வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க போலன்னு நினைச்சேன்." குரல் தணிந்தது. "உண்மையைச் சொல்லணும்னா அதைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. ஒருத்தர் வீட்டு நடுக்கூடத்துல உக்காந்துக்கிட்டு, அவங்க மாமியார் புருஷன் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கறப்ப, 'சாகணும்னு தோணுதா'ன்னு எப்படிக் கேக்கறது? வாய் வருமா? அடுத்த தடவை வாசல்படி ஏத்துவாங்களா? அதோட, இல்லாத நினைப்பை நாமளே கிளப்பி விட்டுட்டா?"

"கேட்டா அந்த நினைப்பு வந்துடாதுக்கா. டாக்டர் பயிற்சியில ரெண்டு தடவை சொன்னாரு. கேக்காம விட்டாத்தான் உள்ளயே கிடக்கும்."

"சொன்னாரு. சொல்றவரு ஜீப்புல போயிடறாரு. தெருவுல நான்ல நடக்கணும்?"

சிஸ்டர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "தப்பு உங்களோடது இல்ல. என்னோடது. வண்டியில ஏறுங்க."

"ஸ்கூட்டர்லயா? நான் இதுவரைக்கும் ஏறினதே இல்லையே!"

"இன்னிக்கு ஏறுங்க."

மாத்திரை சார் வாசல்வரை வந்துவிட்டார். விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு சிஸ்டர். மூணு மாசமா நம்ம பகுதியில ஒருத்தருக்குக்கூட அந்த நினைப்பு இல்லன்னு அறிக்கை போயிருக்கு. அதுக்குப் பாராட்டுக் கடிதம் வேற. ரெண்டு நாள் பொறுத்து யோசிச்சு..."

"இருபத்தெட்டு பட்டை மாத்திரையோட ஒரு மனுஷன் உக்காந்திருக்காரு. நான் ரெண்டு நாள் யோசிக்கவா?"

மாத்திரை சார் திரும்பி நடந்தார். உள்ளே போய் ஒரு வெள்ளை உறையை எடுத்து, எண்ணிப் போட்டு, அவள் கையில் திணித்தார். "பச்சையை வாங்கிட்டு இதைக் கொடுங்க. அந்த மனுஷன் எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் காப்பி எடுத்தவரு."

ஜெராக்ஸ்காரரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் எட்டாவது முயற்சியில்தான் போனை எடுத்தார். மலைப்பாதையில் குரல் விட்டு விட்டு வந்தது. அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

"நானும் கேக்கல சிஸ்டர். ஃபாரத்தைப் பாத்தேன், விட்டுட்டேன்." மீண்டும் இரைச்சல். "நேரா கேளுங்க. வார்த்தையை மாத்தாதீங்க, சுத்தி வளைக்காதீங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க. பையை முதல்ல..."

தொடர்பு அறுந்தது.

*

கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது.

எதிரே சாவி செய்கிற கடை. கடைக்காரர் அரத்தை நிறுத்தாமலே பேசினார். "ஒரு மணிக்கே மூடிட்டாரு. அதிசயம்தான். பள்ளிக்கூடத்து வேலை நாளைக்குக் கொடுக்கணும், அதையும் இன்னிக்கே முடிச்சுக் கொடுத்துட்டாரு. வக்கீல் ஆபீசுது, அதுவும் முடிஞ்சுது. கணக்கை முடிக்கற மாதிரி எல்லாத்தையும் பைசல் பண்ணிட்டாரு. லீவு எடுக்கப்போறேன்னாரு."

"எத்தனை நாள் லீவு?"

"கேட்டேன். சிரிச்சாரு."

சிஸ்டர் ஸ்கூட்டரைத் திருப்பிய வேகத்தில் சைக்கிள் அக்கா அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரே ஒரு முறை, முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கேட்டது: "நான் கேட்டிருக்கணும்."

ஜெராக்ஸ்காரரின் வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மாடியில் அவர் குடும்பம். கதவைத் திறந்தது அண்ணி. கையில் ஈரத்துணி.

"தம்பியா? மேல இருக்காரு. தலைவலின்னு சொன்னாரு. ஏன், என்ன விஷயம்?"

"காலையில ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"எதுக்கு வந்தாரு?" அண்ணியின் குரல் மாறியது. சைக்கிள் அக்காவின் தோள்பையைப் பார்த்தாள். "அந்த மனசுக் கணக்கெடுப்பா? ஐயோ, எங்க வீட்டுல அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கொழுந்தனாரு தங்கமான மனுஷன். குடி இல்ல, சிகரெட் இல்ல. கடை உண்டு வீடு உண்டுன்னு இருக்கறவரு. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?" சொல்லிக்கொண்டே அவளும் மாடிப்படி ஏறினாள். அவள் கூட இருந்தால் அந்த அறையில் எந்தக் கேள்விக்கும் அவள்தான் பதில் சொல்வாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மாடி அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

அவர் மேசை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். உயிரோடு. சிஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேசையின் வலது மூலையில் பச்சைப் பை. கட்டிய முடிச்சு அவிழ்க்கப்படவில்லை.

"என்ன சிஸ்டர், வீட்டுக்கே வந்துட்டீங்க?" ஜெராக்ஸ்காரர் எழுந்தார். நாற்பத்தைந்து வயது, எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை. "ஏதாவது அவசரக் காப்பியா? மிஷின் கடையில இருக்கு, என்னைத்தான் திருப்பிப் போட்டு எடுக்கணும்."

அண்ணி சிரித்தாள். சைக்கிள் அக்கா சிரிக்கவில்லை.

சிஸ்டர் பையிலிருந்து பிரஷர் கருவியை எடுத்தாள். "புது மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிரஷர் பாக்கணும். பேச்சுச் சத்தம் இருந்தா சரியா கேக்காது. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கீழ இருங்க. பத்து நிமிஷம்."

"பிரஷருக்குப் பத்து நிமிஷமா?" என்றாள் அண்ணி.

"வாங்க அண்ணி," சைக்கிள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க சின்னவனுக்கு ஊசி பாக்கி இருக்கு, அட்டையை எடுங்க." படியிறங்கும் சத்தம். கீழே கதவு சாத்தும் சத்தம்.

சிஸ்டர் கருவியின் பட்டையை அவர் கையில் சுற்றினாள். காற்றை அடித்தாள். மேசை மேலிருந்த தாளில் கண் தானாகப் போனது.

அழகான கையெழுத்து. வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். பேப்பர் மாட்டினால் முதலில் இடது பக்கக் கதவைத் திறக்கவும். பலமாக இழுக்கக் கூடாது. மைப்பொடி தீர்ந்தால் சிவப்பு விளக்கு எரியும். சர்வீஸ்காரர் எண் ஷட்டருக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்து ஆள் எப்போதும் அவசரம் என்பார், அவசரம் இல்லை. மிஷினை அணைக்காமல் கடையைப் பூட்ட வேண்டாம்.

இருபத்தோராவது வரி பாதியில் நின்றிருந்தது.

"யாருக்கு இது?"

"வீட்டுக்காரிக்கு. தெரிஞ்சு வெச்சுக்கட்டுமேன்னு. சும்மாதான்."

பிரஷர் சரியாகத்தான் இருந்தது. பட்டையை அவிழ்த்தாள். மடித்துப் பையில் வைத்தாள். ஆயிரம் பேருக்கு ஊசி போட்டவள். இரண்டு தடவை பயிற்சி எடுத்தவள். ஆனால் இந்தக் கேள்வியைத் தன் வாயால் ஒரு மனிதனைப் பார்த்து ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படிவம் கேட்கும், அக்கா கேட்பாள், டாக்டர் கேட்பார் என்று இருந்துவிட்டாள்.

"மனசு கொஞ்சம் சரியில்லையோ?" என்றாள்.

"யாருக்குத்தான் சரியா இருக்கு சிஸ்டர்? உங்களுக்கு சரியா இருக்கா?"

"வேலை அதிகமோ?"

"வேலை இல்லாம இருந்தாத்தானே கஷ்டம்?"

'சுத்தி வளைக்காதீங்க.' டாக்டரின் குரல் காதில் கேட்டது.

அவள் நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டாள். அவர் கண்ணைப் பார்த்தாள்.

"செத்துப் போனா தேவலைன்னோ, உயிரை விட்டுடலாம்னோ உங்களுக்கு நினைப்பு வந்துதா?"

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்தது. அதன் பீப் பீப் சத்தம் நிற்கும்வரை அவர் பேசவில்லை. பிறகு அந்த மடிப்புக் கலையாத சட்டையின் கைப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தக் கேள்விக்குப் பதில் அதுலயே இருக்கே சிஸ்டர்."

"எதுல?"

"உங்க ஃபாரத்துல. நான்தானே காப்பி எடுத்தேன்? முதல் தவணையிலயே பாத்தேன். எட்டுக் கேள்வியையும் படிச்சேன். படிக்கப் படிக்க யாரோ என்னைப் பத்தியே எழுதி வெச்ச மாதிரி இருந்துச்சு. ஒன்பதாவதுக்கு வந்தேன். அதுக்குப் பதில் போட்டே இருந்துச்சு. தப்பா விட்டுப் போச்சோ, சொல்லி அனுப்பலாமான்னு நினைச்சேன். அப்புறம் தோணுச்சு, ஆஸ்பத்திரிக்காரங்க தெரியாமலா போடுவாங்க? எட்டு வரைக்கும் நோய், அதுக்கு மருந்து உண்டு. ஒன்பதாவது யாருக்கும் வரக் கூடாதது. வந்தாலும் சொல்லக் கூடாதது. அதனாலதான் அவங்களே அடிச்சு அனுப்பிடறாங்க. அப்போ எனக்கு மட்டும்தான் போலன்னு..." அவர் நிறுத்தினார். "மூணு தவணை. ஐம்பது, ஐம்பது, ஐம்பது. ஒவ்வொரு தாளா வெளிய வந்து விழும். ஒவ்வொண்ணுலயும் இல்ல, இல்ல, இல்ல."

சிஸ்டர் பார்வையை விலக்கவில்லை.

"அந்த டிக் நான் அடிச்சது. வெள்ளை மை வெச்சு அழிக்கறப்ப விட்டுட்டேன். கூப்பிட்டாங்க, ஓடிட்டேன். தப்பு என்னோடது. அந்தத் தாள்ல இருக்கறது உங்க பதில் இல்ல. எனக்கு உங்க பதில் வேணும்."

அவர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா. இப்ப தினமும்."

"இன்னிக்கு?"

அவர் கண் மட்டும் ஒரு நொடி மேசையின் வலது மூலைக்குப் போய்த் திரும்பியது.

சிஸ்டர் எழவில்லை. கை நீட்டினாள். "அந்தப் பையை எடுத்து நீங்களே என்கிட்ட கொடுங்க."

"குடுக்கலன்னா?"

"குடுக்கற வரைக்கும் உக்காந்திருப்பேன். எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல."

"பொய். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது."

"அதையும் சேத்துத்தான் உக்காந்திருக்கேன்."

அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. பையை எடுத்தார். அவள் கையில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே முகத்தை அதன் மேல் கவிழ்த்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் தோள் குலுங்கியது. அவள் கையை இழுக்காமல் இருந்தாள். அது மரத்துப் போகும் வரை இருந்தாள்.

நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்காரிக்குச் சொல்லிடுவீங்களா?"

"உங்களைத் தனியா விட முடியாது. யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"அவளுக்கு வேணாம் சிஸ்டர். ஆலையில நின்னுக்கிட்டே வேலை செய்யறவ. வந்ததும் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவா. அவ தலையில இதையும் வைக்கவா? தலைவலின்னு சொல்லிடுங்களேன்."

"பொய் சொல்ல மாட்டேன். நானா சொல்லவும் மாட்டேன். நீங்கதான் சொல்லணும். பக்கத்துல நான் இருக்கேன்."

"என்னன்னு சொல்றது? எங்க ஆரம்பிக்கறது?"

"என்கிட்ட சொன்னீங்களே, ஒரே வார்த்தை. அதுல ஆரம்பிங்க."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

ஆலைக்குப் போன் செய்தாள். மேற்பார்வையாளர் தொழிலாளியைக் கூப்பிட மறுத்தார். ஷிப்ட் ஐந்து மணிக்குத்தான் முடியும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் கொடுத்தால் தையல் யார் போடுவது என்றார். சிஸ்டர் பதினாறு வருடம் பிரசவ அறையில் கற்ற குரலை எடுத்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். உங்க பேரு என்ன? எழுதிக்கறேன், சொல்லுங்க." நாற்பது நிமிடத்தில் ஜெராக்ஸ்காரரின் மனைவி வாசலில் இருந்தாள். தலைமுடியில் நூல் துணுக்குகள்.

"என்னங்க? என்னாச்சு? ஏன் எல்லாரும் உக்காந்திருக்கீங்க?"

அவர் சொன்னார். ஆறேழு வாக்கியம்தான். நடுவில் இரண்டு முறை நின்றுபோனார். நின்றபோது சிஸ்டர் எடுத்துக்கொடுக்கவில்லை. மனைவி அழவில்லை, திட்டவுமில்லை. அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். மேசையிலிருந்த தாளை எடுத்து இருபது வரியையும் படித்தாள்.

"எனக்கு மிஷின் ஓட்டத் தெரியாது," என்றாள். "கத்துக்கவும் மாட்டேன்."

வெள்ளை உறை அவள் கைக்குப் போனது. அதை எங்கே வைக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும், ராத்திரி யார் கூட இருக்க வேண்டும், எந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். மலை இறங்கியிருந்த டாக்டர் போனில் இருபது நிமிடம் அவரோடு பேசினார். நாளைக் காலை ஆறு மணி பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. சிஸ்டரும் கூட வருகிறாள்.

கீழே இறங்கும்போது படியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணி இன்னும் கையில். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாள் என்று தெரியவில்லை.

"ஆறு மாசமா என் கையால சாப்பாடு போடறேன் சிஸ்டர்," என்றாள். "நல்லா இருக்காருன்னு நானே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன். கேக்கத் தோணவே இல்ல."

*

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பாராட்டுக் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவர் மேசையில் வைத்து, என்ன நடந்தது என்று சிஸ்டர் எழுதிய இரண்டு பக்கத்தை அதன் மேல் வைத்தாள். அவர் படித்தார். கோபப்பட்டார். மூன்று மாத அறிக்கையையும் திருத்தினால் மேலே யார் பதில் சொல்வது என்று கேட்டார். விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு ஓலை வந்தது. அதற்கும் பதில் எழுதினாள். அச்சடித்த படிவம் ஒரு மாதம் கழித்து வந்தது. அதுவரை சைக்கிள் அக்கா ஒன்பது கேள்வியையும் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொண்டு போனாள்.

நூற்று முப்பத்தொரு வீட்டுக்கும் மறுபடி போனார்கள். ஒன்பதாவது கேள்வியை மட்டும் கேட்க. முதல் வீட்டில் சைக்கிள் அக்காவுக்கு வாய் வரவில்லை, சிஸ்டர் கேட்டாள். மூன்றாவது வீட்டில் அக்காவே கேட்டாள். பிரஷர் கருவி ஒன்றை அவளும் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க எல்லாரும் வெளிய இருங்க, சத்தம் ஆகாது" என்று அவள் அதட்டினால் மாமியார்கள்கூட எழுந்து போனார்கள். பதினோரு பேர் 'ஆமா' என்றார்கள். அதில் நான்கு பேர், இதுவரை யாருமே கேட்டதில்லை என்று சொன்னார்கள்.

ஒரு வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. லாரி டிரைவர் ஒருவரின் மனைவி. எட்டுக் கேள்விக்கும் நடுத்தரமான பதில். டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். படிவம் நிரப்பிய பதினெட்டாம் நாள் உயிரை விட்டுவிட்டாள். டிரைவர் வாசலில் நின்று, "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சைக்கிள் அக்கா அன்று வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. சிஸ்டர் அந்தப் பெண்ணையும் அறிக்கையில் எழுதினாள். எழுத வேண்டாம், இதனால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று மாத்திரை சார் கேட்டார். சொல்ல முடியாதுதான். எழுதினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்துவிட்டு ஜெராக்ஸ்காரர் வீடு திரும்பினார். புதன்கிழமைதோறும் மனைவியோடு வந்து வெள்ளை உறை வாங்குகிறார். மனைவி வெளியே பெஞ்சில் உட்காருவாள். சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு ஒன்பதாவது கேள்வியைக் கேட்பாள். வார்த்தையை மாற்றாமல். நான்கு புதன் 'தினமும்' என்றார். ஐந்தாவது புதன் 'பல நாள்' என்றார்.

ஆறாவது புதன், கேள்வியைக் கேட்டதும் அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இந்த வாரம் ரெண்டு நாள் வந்துச்சு சிஸ்டர். மத்த நாள் வரல."

அவள் பேனாவை எடுக்கவில்லை. "எந்த ரெண்டு நாள்?"

வெளியே இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை ஊசிக்கு வீறிட்டுக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ்காரர் கதவை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை," என்று ஆரம்பித்தார்.